வேலூரில் வைரஸ் ஆராய்ச்சி: பைப்பெட்டைத் தொடும் முன் முடிக்க வேண்டிய வேலைகள்

வைரஸ், தடுப்பூசி சார்ந்த பிஎச்.டி.க்காக வேலூர் வரப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிஎம்சி மருத்துவக் கல்லூரியோ, காட்பாடியில் விஐடியோ, சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகமோ, எங்கே சேர்ந்தாலும் பிசிஆர் போடவும் செல் வளர்க்கவும் சொல்லித்தர சீனியர்கள் இருப்பார்கள். எந்தப் படிவத்தை எந்த மாதத்தில் கொடுக்க வேண்டும் என்று சொல்லத்தான் ஆள் இருக்காது. ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், பாதி பழைய விதியாக இருக்கும்.

ஒன்று மட்டும் முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். இந்தத் துறையில் ஆய்வு மேசை தாமதமாக்குவதைவிட அனுமதிக்குக் காத்திருப்பதுதான் அதிகம் தாமதமாக்கும். ஒன்று முடிந்த பிறகு அடுத்தது என்று போனால் முதல் ஆண்டு காணாமல் போய்விடும். எது மெதுவோ அதை முதலில் கிளப்பிவிட்டு, அது ஓடும்போதே மற்றதைப் பாருங்கள். கீழே உள்ள வரிசையும் அப்படிப் போட்டதுதான்.

1. சேரும் முன் கைடிடம் நான்கு கேள்விகள்

நேர்காணலில் அவர்கள் மட்டும்தான் கேள்வி கேட்க வேண்டும் என்றில்லை. "உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று கடைசியில் கேட்பார்கள். தலையாட்டிவிட்டு எழுந்து வராதீர்கள்.

முதல் கேள்வி: திட்ட நிதி எந்தத் தேதியில் முடிகிறது? மூன்றாண்டு நிதியில் இரண்டு ஆண்டு ஏற்கெனவே ஓடியிருந்தால், நீங்கள் அனுமதிகளை வாங்கி முடிக்கும்போது ரீஏஜென்ட் (சோதனைக்கான வேதிப்பொருள்) வாங்கப் பணம் இருக்காது.

இரண்டாவது: பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்தில் பதிவாகும்? ஆய்வகம் இங்கே இருந்தாலும் பதிவு வேறு இடத்தில் இருக்கலாம். மருத்துவம் சார்ந்த ஆய்வுகள் பல கிண்டியில் உள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பதிவாகின்றன. பதிவு நடக்கும் மாதமும் கட்டணமும் கோர்ஸ் ஒர்க் தேர்வும் எல்லாம் அந்தப் பல்கலைக்கழகக் கணக்குதான். அதை அறிந்தால்தான் சென்னைக்கு எத்தனை முறை ரயில் ஏற வேண்டியிருக்கும் என்பது புரியும்.

மூன்றாவது: மாதிரிகள் பிரீசரில் இருக்கின்றனவா, இனிமேல்தான் சேகரிக்க வேண்டுமா? உங்கள் தலையெழுத்தையே மாற்றக்கூடிய கேள்வி இது. வேலூரில் நடந்த ரோட்டா வைரஸ் ஆய்வு ஒன்றில் 373 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். மூன்று முறை தொற்று வந்த பிறகும் மிதமான, கடுமையான வயிற்றுப்போக்குக்கு எதிரான பாதுகாப்பு 79 சதவீதம்தான் என்று அதில் தெரியவந்தது. ரோட்டா வைரஸுக்கான ரோட்டாவாக் தடுப்பூசியின் மூன்றாம் கட்டச் சோதனையில் டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களிலும் சேர்த்து 6,799 குழந்தைகள். இவையெல்லாம் களப்பணியாளர்கள், மருத்துவர்கள், புள்ளியியலாளர்கள் என்று பெரிய படையே சேர்ந்து செய்தவை. ஒரு மாணவர் இரண்டு ஆண்டில் இதில் துளிகூடச் சேகரிக்க முடியாது. பிறப்பிலிருந்து குழந்தைகளைத் தொடரும் தலைப்பை யாராவது தூக்கிக் கொடுத்தால், மாதிரி ஏற்கெனவே சேர்ந்தாகிவிட்டதா என்று கேட்டுவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

நான்காவது: எந்தப் பாதுகாப்பு நிலை ஆய்வகம் வேண்டும்? ரோட்டா போன்றவற்றுக்கு பிஎஸ்எல்-2 (உயிர்ப் பாதுகாப்பு இரண்டாம் நிலை) போதும். கோவிட் நோயைத் தரும் சார்ஸ்-கோவ்-2 போன்ற உயிருள்ள வைரஸை வளர்க்க பிஎஸ்எல்-3 வேண்டும். அதற்குத் தனிப் பயிற்சி, தனி அனுமதி, தனிக் காத்திருப்பு. ஆன்டிபாடி வைரஸைச் செயலிழக்கச் செய்கிறதா என்பது மட்டும்தான் உங்கள் கேள்வி என்றால், போலி வைரஸை (அதே மேற்புறப் புரதம் இருக்கும், ஆனால் பெருகாது) வைத்து பிஎஸ்எல்-2வில் முடித்துவிடலாமா என்று தயங்காமல் கேளுங்கள். ஓர் ஆண்டு மிச்சமாகலாம்.

2. சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே ஊசி

யாரும் இதை முதலில் சொல்வதில்லை. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். கடைசி ஊசிக்குப் பிறகு ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தத்தில் ஆன்டிபாடி அளவு பார்க்க வேண்டும். அது மில்லிலிட்டருக்கு 10 மில்லி சர்வதேச அலகு (mIU/mL) அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். ஆகமொத்தம் ஏழெட்டு மாதம். மனித ரத்தம், சீரம் கையாள விடும் முன் பல ஆய்வகங்கள் இந்த அட்டையைக் கேட்கும். சேர்ந்த பிறகு ஆரம்பித்தால் அதுவரை சீனியர் வேலை செய்வதைத் தள்ளி நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

சின்ன வயதில் போட்டிருக்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். அட்டை இல்லாவிட்டால் அது கணக்கில் வராது. முதலில் ஆன்டிபாடி பரிசோதனை செய்து பாருங்கள், அளவு இருந்தாலும் ஊசி வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரேபீஸ் வைரஸோடு வேலை என்றால் அதற்கான முன்தடுப்பு ஊசியும் தனியாக உண்டு. அட்டையை போட்டோ எடுத்து வையுங்கள், அசலை லேமினேட் செய்யாதீர்கள். அடுத்த தவணை எழுத இடம் வேண்டும்.

3. சான்றிதழ்கள்

மெதுவாக வருவது மைக்ரேஷன் சர்டிபிகேட். பழைய பல்கலைக்கழகத்தில் விண்ணப்பித்து, பணம் கட்டி, தபாலில் வர வாரக்கணக்கில் ஆகும். வேறு மாநிலத்தில் படித்திருந்தால் தகுதிச் சான்றிதழும் கேட்பார்கள், அதற்கும் தனிக் கட்டணம். இந்த இரண்டுக்கும் முதலில் விண்ணப்பம் போடுங்கள்.

மற்றவை தெரிந்ததுதான்: எல்லா செமஸ்டர் மார்க் ஷீட், ஒருங்கிணைந்த மார்க் ஷீட், புரொவிஷனல், டிசி, சாதிச் சான்றிதழ், நெட் மதிப்பெண் அட்டை. முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. கிரேடு மட்டும் போட்டிருந்தால் சதவீதமாக மாற்றும் சூத்திரத்தைப் பல்கலைக்கழக முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள். கவுன்டரில் சண்டை வருவது பெரும்பாலும் இந்த ஒரு தாளுக்காகத்தான்.

பெயர் விஷயம் இன்னொன்று. ஆதாரில் இன்ஷியல் முன்னால், மார்க் ஷீட்டில் பின்னால், வங்கிக் கணக்கில் அப்பா பெயர் முழுசாக என்று நம் எல்லாருக்கும் மூன்று அவதாரம் இருக்கும். சேரும் முன்பே ஆதாரையும் வங்கிக் கணக்கையும் பட்டச் சான்றிதழில் உள்ளபடி திருத்திவிடுங்கள். உதவித்தொகை நின்றுபோவதற்கு இதைவிடப் பொதுவான காரணத்தை நான் பார்த்ததில்லை.

4. பணம் எப்போது கைக்கு வரும்

நெட் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) இருந்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு எஸ்ஆர்எஃப் (முதுநிலை உதவித்தொகை) ஆனதும் 42,000. 2023 ஜனவரி முதல் இதுதான் கணக்கு. விடுதி இல்லையென்றால் வீட்டு வாடகைப் படி தனி. கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் முதல் மாதமே வராது. சேர்ந்ததற்கான அறிக்கை போய், அது ஏற்கப்பட்டு, இணையத்தில் உங்கள் பெயர் ஏறி, நிறுவனத்தில் ஒருவர் பதிவுசெய்து இன்னொருவர் ஒப்புதல் கொடுத்த பிறகுதான் பணம் நகரும். மூன்று நான்கு மாதச் செலவுக்குக் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள். அப்புறம் நிலுவையெல்லாம் மொத்தமாக வரும்.

ஒவ்வொரு மாதக் கடைசியிலும் வருகைப் பதிவு போனதா என்று அலுவலகத்தில் எட்டிப் பாருங்கள். பதிவு செய்பவர் விடுப்பில் போனால் அந்த மாதம் அப்படியே தங்கிவிடும்.

யுஜிசி ஜேஆர்எஃப்பில் அறிவியல் மாணவருக்கான கன்டின்ஜென்சி (ஆய்வுச் சில்லறைச் செலவுத் தொகை) முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். செல் வளர்க்கத் தேவைப்படும் கன்றுக்குட்டி சீரம் அரை லிட்டர் பாட்டில் ஒன்றே அதைத் தாண்டிவிடலாம். அதாவது உங்கள் ஆய்வு கைடின் திட்ட நிதியில்தான் ஓடும். முதல் கேள்வியாக நிதி முடியும் தேதியைக் கேட்கச் சொன்னது இதனால்தான்.

5. தங்குமிடம்

சிஎம்சியைச் சுற்றி வீடு தேடாதீர்கள். வங்காளம், ஜார்கண்ட், வடகிழக்கு என்று எங்கிருந்தெல்லாமோ வரும் நோயாளிகளும் உடன் வருபவர்களும் தங்குவதால் அங்கே அறைகள் நாள் வாடகைக்குத்தான் ஓடுகின்றன. மாத வாடகைக்குக் கேட்டால் சிரிப்பார்கள். (மீன் குழம்பு சாப்பிட மட்டும் அந்தத் தெருக்களுக்குப் போகலாம், வங்காளி மெஸ் ஒவ்வொன்றும் ஒரு ரகம்.) சத்துவாச்சாரி, பாகாயம், காட்பாடி காந்தி நகர் பக்கம் பாருங்கள். மாடியில் மேல்தளம் மட்டும் வேண்டாம். வேலூர் மே மாதத்தை இன்னும் நீங்கள் பார்க்கவில்லை.

6. நெறிமுறைக் குழு: இங்கேதான் மாதங்கள் போகும்

மனிதர்களிடமிருந்து ஒரு சொட்டு உமிழ்நீர் எடுத்தாலும் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும். 2017இல் வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழிகாட்டு நெறிகளைப் படித்துவிட்டு விண்ணப்பத்தைத் தொடுங்கள். தடித்த புத்தகம்தான், உங்கள் ஆய்வுக்குப் பொருந்தும் அத்தியாயங்களை மட்டுமாவது படியுங்கள்.

குழு கூடும் தேதி முன்கூட்டியே போட்டிருப்பார்கள். விண்ணப்பம் அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே போய்ச் சேர வேண்டும். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்த கூட்டம்வரை பொறுக்க வேண்டும். கேள்விகளோடு திரும்பி வருவது வழக்கம், அதைத் தோல்வியாக நினைக்காதீர்கள். முதல் விண்ணப்பத்திலிருந்து கையில் கடிதம் வாங்கும்வரை மூன்று முதல் ஆறு மாதம் என்று திட்டத்தில் எழுதிவையுங்கள்.

தேவையான தாள்கள்: ஆய்வுத் திட்டம், கைடு மற்றும் உங்கள் தன்விவரம், நல் மருத்துவ ஆய்வு நடைமுறைப் பயிற்சிச் சான்றிதழ், பட்ஜெட், ஆங்கிலத்திலும் தமிழிலும் தகவல் தாளும் ஒப்புதல் படிவமும், மொழிபெயர்ப்பு சரிதான் என்ற சான்று. பயிற்சியை இணையத்தில் இலவசமாகவே முடிக்கலாம், பணம் கட்டிப் போகாதீர்கள்.

இப்போது பொறிகள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பதிப்பு எண்ணும் தேதியும் இருக்க வேண்டும், ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒரே எண். என் விண்ணப்பம் ஒரு குழுவிடமிருந்து திரும்பி வந்தது இதற்காகவே. உள்ளே ஓர் எழுத்தில் குறை சொல்லவில்லை, தமிழ்ப் படிவத்தின் அடிக்குறிப்புத் தேதி வேறாக இருந்ததாம். அதற்கு ஒரு கூட்டம் போனது. எரிச்சல்தான், ஆனால் விதி அவர்கள் பக்கம் இருக்கிறது.

தமிழ்ப் படிவத்தை ஆய்வகத்தில் உட்கார்ந்து எழுதி முடித்துவிடாதீர்கள். களப்பணியாளர் அக்கா ஒருவரிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவர் முகம் சுளிக்கும் இடத்தில் மாற்றுங்கள். "2 மில்லி ரத்தம்" என்பதோடு "அரை டீஸ்பூனுக்கும் குறைவு" என்று சேர்த்தால் தாய்மார்கள் பயப்படுவது பாதியாகக் குறையும். வேலூரில் உருதும் தெலுங்கும் பேசும் குடும்பங்கள் நிறைய. உங்கள் பகுதியில் தமிழ்ப் படிவம் மட்டும் போதுமா என்று களத்தில் விசாரித்துவிட்டு விண்ணப்பியுங்கள், பிறகு சேர்ப்பது திருத்த விண்ணப்பமாகி மறுபடி வரிசையில் நிற்கும்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால் ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சியும் கையெழுத்திட வேண்டும். உங்கள் லேப் நண்பர் சாட்சியாகக் கூடாது. குழந்தைகளுக்குப் பெற்றோர் ஒப்புதல், 7 வயதுக்கு மேல் குழந்தையின் சம்மதமும் வேண்டும். 12 வரை வாய்மொழியாக, அதற்கு மேல் எழுத்தில்.

பரிசோதனைக்குப் பின் மீந்துபோன, அடையாளம் நீக்கிய மாதிரிகளை மட்டும் பயன்படுத்தினால் துரிதப் பரிசீலனையும் ஒப்புதல் விலக்கும் கேட்கலாம். தானாகக் கொடுக்க மாட்டார்கள், கடிதத்தில் காரணத்தோடு கேட்க வேண்டும்.

7. மற்ற அனுமதிகள்

நெறிமுறைக் குழு முடியட்டும் என்று காத்திருக்காமல் இவற்றையும் கூடவே போடுங்கள்.

மரபணு மாற்றம், குளோனிங், போலி வைரஸ் இருந்தால் நிறுவனத்தின் உயிர்ப் பாதுகாப்புக் குழு. ஆபத்துப் பிரிவு ஏறினால் டெல்லியில் ஆர்சிஜிஎம் என்ற மத்திய அரசின் மரபணு மாற்றப் பரிசீலனைக் குழுவரை போகும். எலிக்குத் தடுப்பூசி போட்டுப் பார்ப்பதானால் விலங்கு நெறிமுறைக் குழு. இது ஆண்டுக்குச் சில முறைதான் கூடும், எத்தனை எலி, ஏன் அத்தனை என்று கணக்குக் கேட்பார்கள். புள்ளியியலாளரைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

வெளிநாட்டுப் பணமோ, கூட்டாளியோ, மாதிரி அங்கே போவதோ இருந்தால் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு. மாதக்கணக்கில் ஆகும், கைடுக்கே பழக்கமான விஷயம், அவர் பின்னால் நின்றால் போதும். மனிதர்களுக்குத் தடுப்பூசி கொடுக்கும் சோதனையானால் முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே சிடிஆர்ஐ என்ற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவு முடிந்திருக்க வேண்டும். 2018 ஏப்ரல் முதல் பின்தேதியில் பதிய வழியில்லை. கட்டணம் கிடையாது.

8. பழைய மல மாதிரிகளா? போலியோவை நினைவில் வையுங்கள்

வேலூரில் வயிற்றுப்போக்கு ஆராய்ச்சி நெடுநாளாக நடப்பதால் பிரீசர்களில் பழைய மல மாதிரிகள் உண்டு. உங்களுக்கு அதிலிருந்து ரோட்டாவோ நோரோவோ வேண்டும், சரி. ஆனால் 2016 ஏப்ரல்வரை நம் குழந்தைகளுக்குக் கொடுத்த போலியோ சொட்டு மருந்தில் இரண்டாம் வகை உயிர் வைரஸும் இருந்தது. சொட்டு மருந்து குடித்த குழந்தையின் மலத்தில் அது வெளிவரும். ஆகவே அந்தக் காலத்து மாதிரிகள் போலியோ இருக்கக்கூடிய பொருளாகக் கருதப்படும், அவற்றைக் கையாளத் தனி வழிமுறை உண்டு. நீங்கள் போலியோவைத் தேடவில்லை என்பது காரணமாகாது. டப்பாவைத் திறக்கும் முன் உயிர்ப் பாதுகாப்பு அலுவலரிடம் சேகரித்த ஆண்டைச் சொல்லி எழுத்தில் பதில் வாங்குங்கள்.

9. களத்தில் மாதிரி எடுக்கும்போது

காலை பத்து மணிக்குள் முடிகிற மாதிரி திட்டமிடுங்கள். ஸ்கூட்டரில் போகும் ஐஸ் பெட்டி வேலூர் வெயிலில் மதியத்தைத் தாங்காது. உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள், கிளம்பும்போதும் வந்து சேரும்போதும் வெப்பநிலையைக் குறியுங்கள். பிற்பாடு ஆர்என்ஏ வரவில்லை என்றால் காரணம் தேட அந்தக் குறிப்புதான் இருக்கும்.

பல வீடுகளில் தாய்மார்கள் மடியில் முறத்தை வைத்து பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். சுற்றும் எண்ணிக்கைக்குத்தான் கூலி. "கொஞ்சம் நிறுத்துங்கள்" என்று சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள், கை ஓடிக்கொண்டே அவர்கள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்வார்கள். கையெழுத்துக்கு மட்டும் முறத்தை இறக்கி வைக்கச் சொன்னால் போதும். முதல் சந்திப்பில் களப்பணியாளர் அக்கா பேசட்டும். அவரை அந்தத் தெருவுக்குத் தெரியும், உங்களைத் தெரியாது.

லேபுக்கு வந்ததும் சின்னச் சின்னக் குப்பிகளாகப் பிரித்துவிட்டு உறையவையுங்கள். ஒரே குப்பியை உருக்கி உறைய வைத்து மறுபடி உருக்கினால் வைரஸ் சிதைந்துகொண்டே போகும். மார்க்கர் பேனாவில் எழுதாதீர்கள், எத்தனால் தெளித்துத் துடைத்தால் "பர்மனென்ட்" மையும் போய்விடும். மைனஸ் 80க்கு என்றே வரும் லேபிளை வாங்கச் சொல்லுங்கள், சாதா ஸ்டிக்கர் உதிர்ந்து பிரீசரின் அடியில் கிடக்கும்.

வெளியூருக்கு அனுப்புவதானால் மூன்றடுக்கு உறை, யுஎன் 3373 (உயிரியல் மாதிரி என்று காட்டும்) குறி, உலர்பனி. பெட்டி சென்னைவரை சாலையில் போய்த்தான் விமானம் ஏறும். வாரக் கடைசியில் அனுப்பினால் எங்கோ ஒரு கிடங்கில் உருகும். திங்கள், செவ்வாயோடு முடித்துவிடுங்கள்.

10. பொருள் வாங்குதல்

இறக்குமதிப் பொருளுக்கு ஆறு வாரம் முதல் மூன்று மாதம். மூன்று கொட்டேஷன், ஒப்பீட்டுத் தாள், கையெழுத்துகள் எல்லாம் அதற்கு முந்திய கதை. நிதியாண்டு மார்ச் 31இல் முடிவதால் பல இடங்களில் பிப்ரவரியிலேயே ஆர்டரை நிறுத்திவிடுவார்கள். ஜனவரிக்குள் அடுத்த நான்கு மாதத் தேவையைக் கொடுத்துவிடுங்கள்.

செல்களைப் பக்கத்து லேபில் இரவல் வாங்குவது மலிவுதான். கூடவே செல்லைக் கெடுக்கும் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாவும் இலவசமாக வரும். புனே என்சிசிஎஸ் (தேசிய செல் அறிவியல் மையம்) மாதிரி இடத்தில் அதிகாரப்பூர்வமாக வாங்குங்கள், வந்ததும் பரிசோதித்து, முதல் வாரமே சில குப்பிகளைத் திரவ நைட்ரஜனில் போட்டுவிடுங்கள். வைரஸ் பட்ட கழிவை 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்த பிறகுதான் மஞ்சள் பையில் வெளியே அனுப்ப வேண்டும். பதிவேட்டில் கையெழுத்துப் போட மறக்காதீர்கள், ஆய்வுக்கு வருபவர்கள் முதலில் புரட்டுவது அதைத்தான்.

11. அனுமதி வரும்வரை

கோர்ஸ் ஒர்க்கை இந்த இடைவெளியில் முடியுங்கள். குறைந்தது 12 கிரெடிட், அதில் ஆராய்ச்சி மற்றும் வெளியீட்டு நெறிமுறைத் தாளும் சேர்த்தி. வைரஸ் இல்லாத செல்லை வளர்த்துப் பழகுங்கள், பாசிட்டிவ் கன்ட்ரோலை (முடிவு பாசிட்டிவ் என்று முன்பே தெரிந்த பொருள்) வைத்து பிசிஆரைச் சரிசெய்யுங்கள். இதற்கெல்லாம் நெறிமுறைக் குழு தேவையில்லை.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆய்வு ஆலோசனைக் குழு முன் அறிக்கை வைக்க வேண்டும். "அனுமதிக்குக் காத்திருக்கிறேன்" என்று வாயால் சொன்னால் முன்னேற்றம் இல்லை என்றுதான் எழுதுவார்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் போன தேதி, கேள்வி வந்த தேதி, பதில் கொடுத்த தேதி என்று ஒரு அட்டவணை இணையுங்கள்.

ஜேஆர்எஃப் இரண்டு ஆண்டு முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே எஸ்ஆர்எஃப் மதிப்பீட்டுக் குழுவைக் கூட்டச் சொல்லி கைடிடம் நினைவூட்டுங்கள். வெளி நிபுணர் ஒருவர் அதில் இருக்க வேண்டும், அவருடைய தேதி கிடைப்பதுதான் சிரமம். கூட்டம் தள்ளிப்போனால் அறிக்கை போய்ச் சேரும்வரை 37,000தான் வரும்.